வெப்பம் வெளியேற வழி வேண்டும்

வீட்டுக் குளிர்ப்பெட்டியைப் பழுதின்றிப் பேணும் முறை

பாலாற்றங்கரை ஊர்களின் கோடையைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காட்பாடியைச் சூழ்ந்துள்ள பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவெல்லாம் அதை உமிழ்கின்றன. மே மாதத்தில் நிழலிலேயே 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாள்கள் உண்டு. காலையில் கறந்த பால் காய்ச்சாவிடில் நண்பகலுக்குள் திரிந்துவிடுகிறது. மாலையில் அரைத்த மாவு விடியுமுன் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிகிறது. ஆதலால், ஒரு காலத்தில் செல்வர் இல்லத்துக்கே உரியதாயிருந்த குளிர்சாதனப் பெட்டி இன்று தறிக்காரர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் ஓர் அவசியப் பொருளாகிவிட்டது. மாதந்தோறும் தவணை கட்டி அதை வாங்கியவர்கள் நம்மிடையே பலர்.

ஆயினும், தறியின் மீது நாம் செலுத்தும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கையேனும் இப்பெட்டியின் மீது செலுத்துகின்றோமா? நாடா ஓடும் ஓசையில் சிறு மாறுதல் தோன்றினாலும் நெசவாளியின் செவி உடனே அறிந்துகொள்கிறது. இழை அறுமுன்னே அவர் கை தறியை நிறுத்திவிடுகிறது. குளிர்ப்பெட்டியோ பல நாள் முனகி, பல நாள் ஒழுகி, இறுதியில் அக்கினி நட்சத்திரத்தின் நடுவே ஓய்ந்து நின்ற பின்னரே நம் நினைவுக்கு வருகிறது. அப்போது மெக்கானிக் கேட்ட தொகையைக் கொடுப்பதன்றி வேறு வழியில்லை. இந்நிலை பெரும்பாலும் தவிர்க்கக்கூடியதே. எதை நாமே செய்யலாம், எதை நாம் தொடலாகாது, மெக்கானிக்கிடம் எதைக் கேட்க வேண்டும் என்னும் மூன்றையும் இங்கே விளக்க முற்படுகின்றோம்.

பானையும் பெட்டியும்

காட்பாடியை அடுத்த கரிகிரியில் மட்பாண்டத் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. மண்பானையில் வைத்த நீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வெப்பம் போய்விடுவதால் எஞ்சிய நீர் குளிர்கிறது. குளிர்ப்பெட்டியின் உள்ளே நடப்பதும் இதுவே.

பெட்டியின் அடியில் பின்புறமாக உள்ள கரிய உருண்டையே கம்ப்ரசர். அது ஒருவகை வாயுவை அழுத்திச் சூடேற்றிப் பின்புறக் குழாய்களுக்குள் செலுத்துகிறது. அங்கே வாயு தன் வெப்பத்தை அறையின் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பின்னர், கேபிலரி எனப்படும் மிக மெல்லிய குழாயின் வழியே புகுந்து பிரீசர் பகுதியை அடைகிறது. அங்கே அழுத்தம் குறைவாதலால் திரவம் கொதித்து மீண்டும் ஆவியாகிறது. ஆவியாவதற்குரிய வெப்பத்தை நாம் உள்ளே வைத்த பாலிலிருந்தும் காயிலிருந்தும் எடுத்துக்கொண்டு, மறுபடியும் கம்ப்ரசரை வந்தடைகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். ஒன்று, குளிர்ப்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. கொட்டுவதற்கு வழி அடைபட்டால் பெட்டி திணறும். மற்றொன்று, பானையின் நீர் காற்றில் கலந்து தீர்ந்துபோகிறது. நாள்தோறும் அதை நிரப்ப வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் வாயுவோ மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது. அது செலவாவதே இல்லை. இவ்விரண்டையும் நினைவிற் கொண்டால் பராமரிப்பின் பெரும்பகுதி தானே விளங்கிவிடும்.

குளிருக்காக நம் நாட்டார் பட்ட பாடும் சிறிதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி 1833-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தனர். அப்பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுப்பிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. இந்திய நிறுவனமான கோத்ரெஜ் உள்நாட்டிலேயே குளிர்ப்பெட்டி செய்யத் தொடங்கியது 1958-ஆம் ஆண்டிலாகும்.

வைக்கும் இடம்

மேற்கு வெயில் காயும் சுவரோரத்திலும், அடுப்புக்கு அருகிலும், தகரக் கூரையின் கீழே காற்றோட்டமற்ற மூலையிலும் குளிர்ப்பெட்டியை வைத்தல் ஆகாது. சுவருக்கும் பெட்டியின் பின்புறத்துக்கும் இடையே 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இரு பக்கங்களிலும் மேற்புறத்திலும் காற்று உலவ இடம் விட வேண்டும். அழகுக்காகப் பூத்துணி போர்த்தி, அதன்மேல் பெட்டிகளையும் மூட்டைகளையும் அடுக்குவது வெப்பத்துக்கு விலங்கிடுவதாகும். புதிய பெட்டிகள் பலவற்றில் வெப்பக் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள்ளேயே மறைந்திருக்கின்றன. ஆதலால் பக்கங்கள் தொட்டால் சுடுவது நோயன்று. வெப்பம் ஒழுங்காக வெளியேறுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அப்பக்கங்களைச் சுவரோடு ஒட்டி வைப்பதுதான் தவறு.

பின்புறம் கம்பி வலைபோல் குழாய் தெரியும் பெட்டியாயின், அதில் படியும் தூசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். தறி ஓடும் வீடுகளில் நூல் தூசியும் பஞ்சும் பறந்து இக்குழாய்களில் போர்வைபோல் படிந்துவிடும். அத்தகைய வீட்டினர் மாதம் ஒருமுறை துடைத்தல் நன்று. துடைக்குமுன் பிளக்கைக் கழற்றிவிடுதல் கட்டாயம். குளிர்ச்சி குறைந்தது என்று மெக்கானிக்கை அழைக்குமுன் இவ்வொரு வேலையைச் செய்து ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது வீண்செலவைத் தடுக்கும்.

புதிதாக வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் எத்தகைய தட்பவெப்பத்துக்காகச் செய்யப்பட்டது என்பதற்கு ஒரு குறியீடு உண்டு. ‘என்’ என்ற எழுத்துடைய பெட்டி 32 டிகிரி வரையிலும், ‘எஸ்டி’ என்பது 38 டிகிரி வரையிலும், ‘டி’ என்பது 43 டிகிரி வரையிலும் உள்ள அறைவெப்பத்தில் இயங்கத் தக்கவை. நம் பகுதிக்கு ஏற்றது ‘டி’ வகையே. மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரச் சீட்டில் ஓர் ஆண்டுக்கு ஆகும் யூனிட்டும் அச்சிடப்பட்டிருக்கும். அதை 6-ஆல் வகுத்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் நம் மின்கணக்கில் பெட்டியின் பங்கு எவ்வளவு என்பது தோராயமாகத் தெரியும். சீட்டில் உள்ளது சோதனைச் சாலைக் கணக்கு. நம் கோடையில் அதைவிடச் சற்று மிகும்.

கதவும் ரப்பரும்

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டைக்கு காஸ்கெட் என்று பெயர். இதில் சிறு இடைவெளி ஏற்பட்டாலும் வெளிக்காற்று இடைவிடாமல் உள்ளே புகும். கம்ப்ரசரும் இடைவிடாமல் ஓடும். இதைச் சோதிக்கும் முறை மிக எளிது. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் பாதி வெளியே தெரியுமாறு வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். பிடிப்புடன் வந்தால் நன்று. வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்விடத்தில் ரப்பர் தளர்ந்துவிட்டது எனலாம். கதவின் நான்கு பக்கங்களிலும் இவ்வாறே பார்க்க வேண்டும்.

பல நேரங்களில் குறை ரப்பரில் இல்லை. அதன் மடிப்பில் படிந்த பாலும் குழம்புமே காரணம். வெதுவெதுப்பான சோப்பு நீரில் துணியை நனைத்து மடிப்புக்குள் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுத்தால் போதும். மண்ணெண்ணெய் முதலியவற்றைத் தடவினால் ரப்பர் கெடும். சற்றே நெளிந்த ரப்பரை வெந்நீரில் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுத்து நேராக்கலாம். கிழிந்துவிட்டதாயின் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்காகப் பெட்டியையே மாற்ற வேண்டியதில்லை. பெட்டியின் முன்கால்களைத் திருகிச் சிறிதே உயர்த்தி வைத்தால் கதவு தானே சாய்ந்து மூடிக்கொள்ளும்.

உள்ளே துலக்குவதற்கு ஆப்பச்சோடா கலந்த நீரே போதும். அது துர்நாற்றத்தையும் போக்கும்.

பனியும் கத்தியும்

ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் பிரீசரைச் சுற்றிப் பனி படிவது இயல்பு. கதவைத் திறக்குந்தோறும் புகும் காற்றின் ஈரமும், மூடாத பாத்திரங்களிலிருந்து எழும் ஈரமுமே அங்கே உறைகின்றன. பனி கனத்தால் அதுவே குளிருக்குத் தடையாகும். கால் அங்குலம் அளவுக்குப் படிந்ததும் அதை உருக்கிவிட வேண்டும். அதற்கெனக் குளிர் கூட்டும் திருகின் நடுவே ஒரு பொத்தான் இருக்கும். இரவில் அதை அமுக்கிவிட்டால் பனி தானே உருகும். விரைவு வேண்டின் பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்து, உள்ளே வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை வைக்கலாம்.

கத்தியாலோ, கரண்டிக் காம்பாலோ, திருப்புளியாலோ பனியைக் கொத்திப் பெயர்ப்பது கூடவே கூடாது. பிரீசரின் சுவர் மெல்லிய அலுமினியத் தகடு. அதற்குள்ளேதான் வாயுக் குழாய் ஓடுகிறது. ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் வாயு முழுவதும் வெளியேறிவிடும். ஐந்து நிமிட அவசரத்துக்குப் பெட்டியின் உயிரையே விலையாகக் கொடுத்தவர்கள் உண்டு.

இரட்டைக் கதவுப் பெட்டிகள் பெரும்பாலும் பனி படியாத வகையைச் சேர்ந்தவை. அவற்றில் ஒரு சிறு ஹீட்டர் அவ்வப்போது பனியை உருக்குகிறது. ஒரு விசிறி குளிர்காற்றைக் கீழ்த்தட்டுகளுக்கு அனுப்புகிறது. இவ்வகையில் காற்று வரும் துளைகளைப் பைகளால் அடைக்கலாகாது.

பின்தட்டில் வளரும் பகை

உருகிய நீர் ஒரு சிறு துளை வழியே இறங்கிக் கம்ப்ரசரின் மேலுள்ள தட்டில் சேர்கிறது. அத்துளையில் கீரையிலையோ பிசுக்கோ அடைத்துக்கொண்டால், நீர் காய்கறித் தட்டில் தேங்கும், தரையிலும் ஒழுகும். பெட்டி ஒழுகுகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. துளையில் வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக ஊற்றினால் அடைப்பு நீங்கும்.

ஆனால் பின்தட்டை மறந்துவிடுதல் பெருந்தீங்கு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த நீரையே நாடுகிறது. குளிர்ப்பெட்டியின் பின்தட்டு அதற்கு மிக உகந்த இடம். முட்டையிலிருந்து கொசு பறப்பதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களே ஆகும். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வரும்போது இத்தட்டைப் பார்ப்பது இதனாலேயே. நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உலர்ந்த நிலையிலும் பல மாதம் பிழைத்திருக்கும். ஆதலால் வாரம் ஒருமுறை பிளக்கைக் கழற்றித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டினர் இதை ஒரு விரதமாகவே கொள்ளலாம்.

மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வு

நம் வீடுகளுக்கு வர வேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். கோடை மாலைகளில் எல்லா மோட்டாரும் ஒருங்கே ஓடும்போது அது குறைவதுண்டு. அழுத்தம் மிகக் குறைந்தால் கம்ப்ரசரின் மோட்டார் சுழல மாட்டாமல் முனகும். உள்ளே சுருள் சூடேறும். காப்புக் கருவி ‘டக்’ என்னும் ஓசையுடன் மின்சாரத்தை அறுத்துவிடும். சில நிமிடங்கள் கழித்து மீண்டும் முனகல், மீண்டும் ‘டக்’. இவ்வோசை கேட்டால் பெட்டியை உடனே நிறுத்திவிட்டு, மின்னழுத்தத்தை அளந்து பார்க்கச் செய்ய வேண்டும். அழுத்தம் சரியாயிருந்தும் இவ்வாறே நேர்ந்தால், பெரும்பாலும் கம்ப்ரசரின் பக்கத்தில் உள்ள ரிலே பழுதாகியிருக்கும். அது சிறிய பாகம். அதைச் சோதிக்குமுன் கம்ப்ரசரையே மாற்ற இசைதல் வேண்டா.

அழுத்தம் அடிக்கடி மாறும் ஊர்களில் ஸ்டெபிலைசர் வைத்தல் நலம். புதிய பெட்டிகள் சில, எவ்வளவு வோல்ட் முதல் எவ்வளவு வோல்ட் வரை அஃதின்றியே இயங்கும் என்பதைத் தம் புத்தகத்தில் குறிப்பிடுகின்றன. அதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். மின்சாரம் நின்று மீண்டும் வந்ததும் பெட்டியை உடனே ஓடவிடாமல், 5 நிமிடம் பொறுத்துப் போடுவது நல்ல வழக்கம். குழாயின் இருபுறமும் அழுத்தம் சமமாவதற்கு அந்நேரம் வேண்டும். சமமாகுமுன் இயங்கத் தொடங்கினால் மோட்டார் திணறும்.

மின்வெட்டின்போது கதவைத் திறக்காதிருந்தால் உள்ளே குளிர் ஏறத்தாழ 4 மணி நேரம் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. நம் கோடையில் அதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். பிரீசரில் நீர்ப் புட்டிகளை உறைய வைத்திருந்தால் அந்நேரம் நீளும்.

இவை யாவற்றினும் முக்கியமானது உயிர்க்காப்பு. குளிர்ப்பெட்டியின் உடல் இரும்பு. சமையலறைத் தரை ஈரம். நாமோ வெறுங்காலுடன் நிற்கின்றோம். ஆதலால் எர்த் உள்ள மூன்று துளைச் சாக்கெட்டில் மட்டுமே இதைச் செருக வேண்டும். எர்த் கம்பியை வெட்டிவிட்டு இரண்டு முனையில் செருகுவதும், நீண்ட ஒயரில் பல பொருள்களோடு சேர்த்து ஓட்டுவதும் ஆபத்து. பெட்டியைத் தொட்டால் சிறிதளவு அதிர்வு தெரிந்தாலும், “கொஞ்சந்தானே” என்று இருந்துவிடலாகாது. பெட்டியை மறுபடி தொடாமல், மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை அறுக்கும் காப்பு விசையை வீட்டின் மெயினில் பொருத்திக்கொள்ளும் செலவு, ஓர் உயிரின் முன் மிகச் சிறியது.

அறிகுறியும் காரணமும்

நோய்நாடி அறியும் முறை குளிர்ப்பெட்டிக்கும் பொருந்தும். சில அறிகுறிகளை மட்டும் கூறுவோம்.

விளக்கும் எரியவில்லை, ஓசையும் இல்லை என்றால், குறை பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே உள்ளது. அதே சாக்கெட்டில் மேசை விளக்கைச் செருகிப் பார்க்க வேண்டும்.

விளக்கு எரிகிறது, கம்ப்ரசர் ஓடவில்லை என்றால், முதலில் திருகு ‘நிறுத்தம்’ என்னுமிடத்தில் உள்ளதா என்று பார்க்கலாம். இல்லையெனில் தெர்மோஸ்டாட் அல்லது ரிலேயில் கோளாறு இருக்கலாம்.

ஓயாமல் ஓடுகிறது, ஆயினும் குளிர்ச்சி போதவில்லை என்றால், ரப்பர், பின்புறத் தூசி, படிந்த பனி, சூடான பண்டம், அளவுக்கு மீறிய அடைப்பு ஆகிய ஐந்தையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். ஐந்தும் சரியாயிருந்தால் மட்டுமே வாயுவைப் பற்றி ஐயுறலாம்.

பனி படியாத வகையில் மேலே உறைகிறது, கீழே குளிரவில்லை என்றால், காற்றுத் துளை அடைபட்டிருக்கும். அல்லது ஹீட்டரோ விசிறியோ பழுதாகி, உள்ளே பனி மூடியிருக்கும். பெட்டியை அணைத்து ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தபின் சில நாள் நன்றாக ஓடி, மறுபடியும் அதே குறை தோன்றினால், உருக்கும் அமைப்பே பழுது என்று கொள்ளலாம்.

குளிர் கூட்டும் திருகில் உள்ள எண்கள் டிகிரியைக் குறிப்பன அல்ல. எண் பெருகினால் குளிர் பெருகும், அவ்வளவே. ஒரு குவளை நீரில் தெர்மாமீட்டரை இட்டு இரவு முழுவதும் நடுத்தட்டில் வைத்து, காலையில் பார்த்தால் 4 அல்லது 5 டிகிரி இருக்க வேண்டும். பிரீசரை மைனஸ் 18 டிகிரி வரை குளிர்விக்கவல்ல பெட்டிகளே பண்டத்தை மாதக்கணக்கில் உறைநிலையில் காக்கும். கோடையில் ஓர் எண் கூட்டுவதும், மார்கழி, தை மாதங்களில் ஓர் எண் குறைப்பதும் அறிவுடைமை.

‘காஸ் தீர்ந்துவிட்டது’

அங்கத்தினர்களின் பணம் வீணாவது பெரும்பாலும் இவ்விடத்திலேயாம். வாயு செலவாவதில்லை என்று முன்னரே கூறினோம். அது குறைந்திருந்தால் எங்கோ ஒரு கசிவு உண்டு என்பதே பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதை ஒக்கும். சில மாதங்களில் மறுபடியும் அதே செலவு வரும். ஆண்டுதோறும் காஸ் நிரப்ப வேண்டும் என்று எவரேனும் கூறினால் அதை ஏற்க வேண்டியதில்லை.

இவ்வாயுவின் வரலாறும் அறியத் தக்கது. தொடக்க காலத்தில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு முதலிய நச்சு வாயுக்களே பயன்பட்டன. பெர்லின் நகரில் ஒரு குடும்பம் இத்தகைய கசிவால் மாண்ட செய்தி கண்டு மனம் நொந்த விஞ்ஞானி ஐன்ஸ்டீன், தம் நண்பர் சிலார்டுடன் சேர்ந்து ஆபத்தற்ற குளிர்ப்பெட்டிக்கு வழி தேடினார் என்பர். அவர்களுடைய அமைப்புக்கு 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எனினும் அது வீடுகளுக்கு வந்து சேரவில்லை. அக்காலத்திலேயே நச்சும் தீயும் அற்ற ஃபிரியான் என்னும் வாயு தோன்றி, உலகெங்கும் பரவிற்று. அதுவோ வானில் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1974-இல் விஞ்ஞானிகள் எச்சரித்தனர். 1987-இல் மான்ட்ரீல் உடன்படிக்கை ஏற்பட்டது; 1992-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

இன்று புதிய வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் உள்ளது ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். இது ஓசோனுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் நம் சமையல் எரிவாயுவின் இனத்தைச் சேர்ந்தது, தீப்பற்றக்கூடியது. ஒரு பெட்டியில் சில பத்து கிராம் அளவே இருப்பதால் ஒழுங்காக உபயோகிப்போருக்கு அச்சமில்லை. ஆனால் பற்றவைக்கும் தீநாக்கோடு குழாயைத் திறப்பவர் இதை அறிந்தவராக இருத்தல் வேண்டும். கம்ப்ரசரின் மேல் ஒட்டியுள்ள முக்கோணத் தீக்குறி இதன் அடையாளம். இத்தகைய பெட்டியில் குழாய் வேலை நடக்கும்போது சமையல் அடுப்பை அணைத்து, சன்னல் கதவுகளைத் திறந்து வைத்து, குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட வேண்டும்.

மெக்கானிக்கிடம் ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். கசிவு எங்கே? அதை அடைத்தாயிற்றா? பெட்டியின் தகட்டில் எழுதிய அதே வாயுவை, எழுதிய எடையளவு நிறுத்துத்தான் நிரப்புகின்றீர்களா? நிரப்புமுன் பம்பு வைத்துக் குழாயிலிருந்த காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றினீர்களா? ஃபில்டரை மாற்றினீர்களா? தொழில் அறிந்தவர் இக்கேள்விகளுக்குச் சினமடைய மாட்டார். மகிழ்வோடு விடை கூறுவார்.

தோலுக்கு உப்பு, பாலுக்குக் குளிர்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் பச்சைத்தோலை உரித்த உடனே உப்பிடுவதை நாம் அறிவோம். உப்பு தோலின் நீரை இழுத்து, அழுகச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு இடமில்லாமற் செய்கிறது. குளிரோ அவற்றைக் கொல்வதில்லை. அவற்றின் பெருக்கத்தைத் தாமதிக்கச் செய்கிறது, அவ்வளவே. ஆகையால் குளிர்ப்பெட்டியில் வைத்த பண்டம் கெடாது என்று எண்ணுவது பிழை. சமைத்த பண்டத்தை மூன்று நாளுக்கு மேல் வைத்திருத்தல் தகாது.

சோற்றில் தனிக் கவனம் வேண்டும். அரிசியில் உள்ள சிலவகை நுண்ணுயிர்களின் வித்துகள் கொதித்தும் சாவதில்லை. மிஞ்சிய பிரியாணியை அண்டாவிலேயே விட்டுவைத்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடேற்றினாலும் அந்நஞ்சு நீங்காது. அறைவெப்பம் 32 டிகிரிக்கு மேற்பட்டால், சமைத்த பண்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கலாகாது என்பர். அதற்காகக் கொதிக்கும் பாத்திரத்தை அப்படியே உள்ளே தள்ளினாலும் மற்றப் பண்டங்கள் சூடேறும். அகன்ற தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, சூடு தணிந்ததும் மூடி வைப்பதே முறை.

எல்லாக் காயும் குளிரை விரும்புவதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள் கத்தரிக்காயை 10 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் தோல் குழிந்து, விதை கறுத்துப்போகும். வாழைப்பழமும் அவ்வாறே கறுக்கும். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் காற்றோட்டமான நிழலே ஏற்றது.

மருந்து வைக்கும் வீடு

நீரிழிவு நோயாளி உள்ள வீட்டில் குளிர்ப்பெட்டி ஒரு வசதியன்று, மருந்துச்சாலை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரீசரிலும், அதற்கு மிக அருகிலும், அடிக்கடி வெப்பம் படும் கதவுத் தட்டிலும் அதை வைத்தல் கூடாது. நடுத்தட்டே தகுந்த இடம். ஒருமுறை உறைந்த இன்சுலின், மீண்டும் தெளிந்து காணப்பட்டாலும் பயன்படாது, எறிந்துவிட வேண்டும். நிறத்தையும் மணத்தையும் காட்டிப் பால் கெட்டதை அறிவிக்கும்; இன்சுலின் அறிவிக்காது. அதன் வீரியம் குறைந்ததை நோயாளியின் உடலே அறிவிக்கும். மேலே கூறிய தெர்மாமீட்டர் இத்தகைய வீட்டில் எப்போதும் பெட்டிக்குள் இருத்தல் அவசியம். பெட்டி பழுதான நாளில் வேறு வழியில்லையேல், ஈரமணலுக்கு நடுவே ஒரு மண்கலத்தில் குப்பியை நீர் படாமல் மூடி வைப்பது, வெறும் அறையில் வைப்பதினும் மேலானது. ஆனால் அது தற்காலிகமே. அம்மருந்தைத் தொடர்ந்து உபயோகிக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். அண்டை வீட்டுப் பெட்டியில் ஓர் இடம் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முடிவாக, பயன் தீர்ந்த பெட்டியைக் கொல்லையில் போட்டு வைப்போர் அதன் கதவைக் கழற்றிவிட வேண்டும். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே புகுந்து கதவு மூடிக்கொண்டால் மூச்சுக்கு வழியில்லை.

வாரம் ஒருமுறை பின்தட்டு. மாதம் ஒருமுறை கதவு ரப்பர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தறி வீட்டில் மாதந்தோறும், பின்புறத் தூசி. கால் அங்குலப் பனி கண்டபோது உருக்குதல். பங்குனி முடியுமுன் எர்த்தும் மின்னழுத்தமும் சோதித்தல். இவ்வைந்தையும் வீட்டு நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். இவற்றுள் பணம் கேட்பது ஒன்றோ இரண்டோதான். மற்றவை கேட்பது ஒரு நாளில் கால்மணி நேரம். வெப்பம் வெளியேற வழிவிட்டால் பெட்டி தன் கடமையைத் தானே செய்யும். வரும் சித்திரையில் நம் வீட்டுப் பாலும் மாவும் மருந்தும் கெடாமலிருக்க, இப்பணியை இம்மாதமே தொடங்குவோமாக.